மூட்டுகள் பல, நோய் ஒன்று

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, யான் படித்த காலத்து ஆசிரியர் பெருமக்களைப் பற்றியோ, துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ எழுதலாமென்றே முதலிற் கருதினேன். அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்ல நண்பர் பலர் உளர். சென்ற பழைய மாணவர் ஒன்றுகூடலிற் கண்ட காட்சியொன்றே என் எண்ணத்தை வேறு திசைக்குத் திருப்பிற்று. பிரார்த்தனை மண்டபத்தில் தேவாரம் பாடத் தொடங்குமுன், ஒரு காலத்தில் அந்தச் சீமெந்து நிலத்திற் சப்பணமிட்டு வரிசை வரிசையாக இருந்த எம் வகுப்பினருள் மூவர் மாத்திரமே நிலத்தில் அமர்ந்தனர். ஏனையோர் கதிரை தேடினர். அன்று மதியபோசனத்தின்போது எங்கள் மேசையில் நிகழ்ந்த உரையாடலும் முழங்காலைப் பற்றியதாகவே இருந்தது. ஒருவர் எண்ணெய் சொன்னார். ஒருவர் ஊசி சொன்னார். வேறொருவர், "இது மெல்ல மெல்ல மேலேறி இருதயத்தைப் பிடிக்கும்" என்று அஞ்சினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நோயுடன் குடித்தனம் செய்பவன் என்ற உரிமையினால், அன்று சொல்லாமல் விட்டவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். யான் வைத்தியனல்லேன், விஞ்ஞான ஆசிரியனாக இருந்து இளைப்பாறியவன்.

2003 ஆம் ஆண்டில், எனக்கு ஐம்பத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, இந்நோய் என் வலக்கைப் பெருவிரலின் அடியில் முதன்முதல் தலைகாட்டிற்று. வெண்கட்டியைப் பிடித்துக் கரும்பலகையில் எழுதும்போது, பெருவிரல் மணிக்கட்டைச் சந்திக்கும் இடத்தில் ஊசி குத்தினாற்போல வலித்தது. போத்தல் மூடியைத் திருகவும், ஈரத்துணியைப் பிழியவும், சாவியைத் திருப்பவும் மற்றக் கையின் உதவி வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிற் சுட்டுவிரலின் நுனி மூட்டிற் சிறு வீக்கம் உண்டானது. அது சில மாதங்களில் வற்றி, கடினமான கணுவொன்றை விட்டுச் சென்றது. பின்னர் நடுவிரல், அதன்பின் இரு முழங்கால்கள், ஈற்றில் கழுத்தும் காற்பெருவிரலும். ஒரு மூட்டில் நோய் வந்தாற் பொறுக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு மூட்டுகளில் வந்தால் எவர்தாம் அஞ்சார்? எங்கள் ஒழுங்கையில் முடக்குவாதத்தினாற் கைகள் இரண்டும் திருகிப்போன ஒரு மூதாட்டியார் இருந்தார். அவருடைய கைகளையே என் கைகளுக்கு வரப்போகும் கதியாக யான் நினைத்துக்கொண்டேன்.

அச்சம் இருவகைப் பிழைகளைச் செய்வித்தது. முதலாவது, ஓய்வு. தேய்கின்ற பொருளைப் பயன்படுத்தாது வைத்தாற் தேயாது என்பது எளிய கணக்கன்றோ? ஆகவே, துவிச்சக்கரவண்டியை விட்டேன். மாலை நடையை விட்டேன். கோயிலில் விழுந்து கும்பிடுதலையும் விட்டேன். ஓராண்டின் முடிவில் வலி குறையவில்லை. தொடை மெலிந்தது, வயிறு பருத்தது, கதிரையிலிருந்து எழக் கைத்தாங்கல் வேண்டியதாயிற்று. இரண்டாவது பிழை, ஒருவர் வீடு தேடிக் கொண்டுவந்து தந்த பெயர்ச்சீட்டில்லாக் குளிசைகள். மூலிகையென்றே சொன்னார். உண்ட இரண்டாம் நாளே வலி மாயமாய் மறைந்தது. யானும் அவரைத் தெய்வமாகவே கருதினேன். மூன்று மாதத்துள் முகம் சந்திரன்போல ஊதிற்று. குருதியிற் சீனி ஏறிற்று. அவற்றுள் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருத்தல் கூடுமென்பதையும், அத்தகைய குளிசைகளைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தென்பதையும் பின்னரே அறிந்தேன்.

2006 இல் என்னை வைத்தியரிடம் அழைத்துச் சென்றவர் என் மனைவியார். அங்கே மேசைக்கு அப்பால் இருந்தவர், ஒரு காலத்தில் என் வகுப்பின் பின்வாங்கில் இருந்த மாணவர். எழுந்து நின்று, "சேர், இருங்கோ" என்றார். என் இரு கைகளையும் தம் கைகளில் ஏந்தி, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். பின்னர், "சேர், காலையில் எழும்பினால் விரல்கள் இளக எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டார்.

"பத்து நிமிடம், மிஞ்சினாற் கால்மணி, தம்பி."

"ஆறுதலாக இருந்தால் நோ குறையுமா, கூடுமா?"

"இருந்தாற் குறையும். நெடுநேரம் இருந்து எழும்பினால் முதல் நாலு அடியும் வராது."

"சேர், நீங்கள் எங்களுக்குப் பாடம் சொன்னீர்கள். இன்றைக்கு நான் சொல்லுகிறேன், குறை நினையாதேயுங்கோ. இது முடக்குவாதமன்று" என்று கூறி, ஒரு தாளை எடுத்துப் படம் வரையலானார். அன்று அவர் கற்பித்ததையும், அதன்பின் யான் தேடிக் கற்றதையும் சேர்த்தே கீழே தருகின்றேன்.

முடக்குவாதத்தில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சத்தியே தவறிச் சென்று மூட்டின் உள்ளுறையைத் தாக்குகின்றது. அது மணிக்கட்டையும், விரல்கள் உள்ளங்கையைச் சந்திக்கும் மூட்டுகளையும் விரும்பிப் பிடிக்கும். காலை விறைப்பு ஒரு மணிநேரத்துக்கு மேலும் நீடிக்கும். காய்ச்சற்குணமும் சோர்வும் உடன்வரும். குருதிச் சோதனையிலும் பெரும்பாலும் அடையாளம் தோன்றும். அதனைக் காலந்தாழ்த்தாது மருந்தினாற் கட்டுப்படுத்தல் வேண்டும். மூட்டுத் தேய்வோ விரல்நுனி மூட்டு, விரலின் நடு மூட்டு, பெருவிரலின் அடி, முழங்கால், இடுப்பு, கழுத்து, நாரி, காற்பெருவிரலின் அடி ஆகியவற்றை நாடும். மணிக்கட்டையும் முழங்கையையும் கணுக்காலையும் பெரும்பாலும் விட்டுவிடும். காலை விறைப்பு அரைமணிக்குள் நீங்கும். எந்த மூட்டு என்பதும், எவ்வளவு நேரம் என்பதுமே வைத்தியருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. இது மூட்டிலிருந்து மூட்டுக்குத் தொற்றிச் செல்வதன்று, இருதயத்துக்கு ஏறுவதுமன்று. ஒரே உடலில், ஒரே இயல்பினையுடைய பல மூட்டுகள், வெவ்வேறு காலங்களில் ஒரே காரணத்தால் நலிகின்றன, அவ்வளவே.

இனி, அந்த நலிவு யாதென்று பார்ப்போம். மூட்டில் என்புகள் சந்திக்கும் முனைகளைக் கசியிழையம் மூடியிருக்கின்றது. அது வழுவழுப்பானது, அதன் நிறையிற் பெரும்பங்கு நீர். நார்வலையொன்றினுள் நீரை ஈர்த்துப் பிடிக்கும் பெருமூலக்கூறுகள் அடைபட்டிருத்தலால், அது அழுத்தத்தைத் தாங்கி மீளும். அதனுள் நரம்பில்லை, குருதிக்கலன்களுமில்லை. நரம்பின்மையால், கசியிழையம் கெடத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை; அதன் அடியிலுள்ள என்பும், மூட்டைச் சுற்றிய உறையும், உள்ளுறையுமே பின்னர் வலியை எடுத்துரைக்கின்றன. குருதிக்கலன் இன்மையால், அதற்கு உணவு எவ்வாறு கிடைக்கின்றது? மூட்டினுள் இருக்கும் நெய்ப்பான திரவத்திலிருந்தே கிடைக்கின்றது. கடற்பஞ்சை நீரில் அமிழ்த்தி அழுத்தியும் விட்டும் பார்த்தவர் இதனை அறிவர். நடக்கும்போது அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழ, கழிவு வெளியேறி உணவு உட்புகுகின்றது. ஆகவே, அசைவே கசியிழையத்தின் உணவு. ஓராண்டு ஓய்வெடுத்த யான், மூட்டைக் காத்ததாக எண்ணிக்கொண்டு அதனைப் பட்டினி போட்டிருந்தேன்!

'தேய்வு' என்னும் பெயரும் நம்மை ஓரளவு ஏமாற்றுவதே. சக்கரத்தின் தேய்வைப் போல இது வெறும் உராய்வன்று. கசியிழையக் கலங்கள் தாமே கட்டுதலையும் அழித்தலையும் செய்துகொண்டிருக்கின்றன. இந்நோயில் அழித்தல் மிகுகின்றது. மூட்டின் உள்ளுறை மெல்லிதாய் அழலுகின்றது. அடியிலுள்ள என்பு தடிக்கின்றது. விளிம்பிற் புதிய என்பு முளைக்கின்றது. விரலிற் கணுவாகத் தோன்றுவது அம்முளையே. ஆகவே, இது தேய்வு மாத்திரமன்று. பழுதைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் நிறைவுறாத முயற்சியுமாகும்.

விரல்நுனிக் கணுக்களை முதலில் தெளிவாக விவரித்தவர் ஆங்கில நாட்டு வைத்தியரான வில்லியம் ஹெபர்டன் (1710–1801). அவர் மறைந்த அடுத்த ஆண்டில் வெளிவந்த நூலில், இக்கணுக்களுக்கும் கவுட் என்னும் நோய்க்கும் தொடர்பில்லை என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. விரலின் நடு மூட்டுக் கணுக்கள் பிரெஞ்சு வைத்தியர் பூஷாரின் பெயரைத் தாங்குகின்றன. 1940 களில் அமெரிக்க வைத்தியர் ஸ்ரெச்சர், இக்கணுக்கள் குடும்பவழியாக வருதலை ஆராய்ந்தார். கைவிரல், முழங்கால், முள்ளந்தண்டு எனப் பல மூட்டுகளில் ஒருங்கு தோன்றும் இந்நோயை ஒரு தனி வகையாக 1952 இல் எடுத்துக்காட்டியவர்கள் கெல்கிரன், மூர் என்னும் இருவர். 1996 இல் பிரித்தானியாவில் பெண் இரட்டையரை ஆராய்ந்தபோது, கையிலும் முழங்காலிலும் இந்நோய் வருவதில் மரபின் பங்கு 39 முதல் 65 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. மிகுதி வயது, உடற்பருமன், பழைய காயம், பாரந்தூக்கும் தொழில் முதலியவற்றின் பங்காகும். பெண்களுக்கு, அவருள்ளும் மாதவிடாய் நின்றவர்களுக்கு, இது மிகுதி.

மரபைப் பற்றிச் சொல்லும்போதே வைத்தியர், "சேர், அம்மாவுக்கும் இப்படிக் கணு இருந்ததோ?" என்று கேட்டார். யான் விடை சொல்லச் சற்று நேரம் சென்றது.

என் தாயாரின் விரல்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் பயற்றம் விதையளவிற் கணுக்கள் இருந்தன. "வேலை செய்த கைக்குக் கணு வரும்" என்பார். திருவலையில் தேங்காய் துருவுதலும், கிணற்றில் நீர் அள்ளுதலும், உரலில் மா இடித்தலுமாகவே அவருடைய காலம் கழிந்தது. விரலின் நடு மூட்டுப் பருத்தமையால், கழற்ற இயலாத மோதிரத்தைத் தட்டாரைக் கொண்டு வெட்டுவித்த நாளில் யான் அருகில் இருந்தேன். முழங்கால் வலிக்கென்று நொச்சியிலை வாட்டி ஒற்றணம் பிடிப்பதையும் இரவுதோறும் கண்டேன். கண்டேனேயன்றிக் கருதிப் பார்த்திலேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதனை இம்மலரைப் படிப்போருட் பலர் மறந்திரார். நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சென்ற அந்தச் சனவெள்ளத்தில் யானும் ஒருவன். மூட்டைகள் ஏற்றிய துவிச்சக்கரவண்டியை யான் தள்ள, மனைவி பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள, எழுபது வயதான என் தாயார் பின்னே வந்தார். மழையும் பெய்தது. அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். நெரிசலிற் சிறிது நேரம் நிற்கவேண்டி வந்தால், மீண்டும் முதலடி எடுத்துவைக்க அவரால் முடியவில்லை. யான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஈற்றிற் பொறுமை இழந்து, "அம்மா, வேண்டுமென்றோ நிற்கிறாய்? எல்லாரும் உன்னாலே சாகிறதோ?" என்று உரக்கக் கத்திவிட்டேன். பலரும் கேட்டனர். அவர் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. "நீ பிள்ளைகளோட முன்னுக்குப் போ, தம்பி. நான் மெல்ல வாறன்" என்றார். பாலத்தைக் கடந்து, வீதியோரத்தில் இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். யாரோ ஓர் இளைஞன் தன் வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றி அவரைக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் பெயரையும் யான் கேட்டிலேன்.

நின்று எழும்பினால் முதல் நாலு அடியும் வராது என்று, பதினோராண்டுகளின் பின் யான் என் வாயாலேயே வைத்தியருக்குச் சொன்னேன். அவர் வரைந்த படத்தைப் பார்த்தபடி, அந்த வீதியிலே என் தாயார் நின்ற நிற்பை நினைந்தேன். அவர் வேண்டுமென்று நிற்கவில்லை, பயத்தால் நிற்கவுமில்லை. அவர் 2001 இற் காலமானார். மன்னிப்புக் கேட்கவேண்டியது எதுவென்று யான் அறிந்துகொண்டது அதற்குப் பின்னரே. எனக்கு இந்நோயைத் தந்தவரும் அவரே. அதனைப் பொறுக்கும் முறையைக் காட்டிச் சென்றவரும் அவரே.

இனிப் பரிகாரம். கெட்ட கசியிழையத்தை மீண்டும் முளைப்பிக்கும் மருந்து எதுவும் இன்னும் கண்டறியப்படவில்லை. அவ்வாறு உறுதி கூறி விற்பவரை ஐயுறுக. ஆயினும், வலியைக் குறைக்கவும் இயக்கத்தைக் காக்கவும் செய்யத்தக்கவை பல உள. அவற்றுள் முதன்மையானது பயிற்சி. கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒரு காலை நீட்டி உயர்த்திப் பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குதல். அடுத்த காலுக்கும் அவ்வாறே. காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. தொடைத் தசை உறுதியடைந்தால், முழங்காலின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும். தொடங்கும்போது சிறிது நோதல் இயல்பு. மறுநாளும் வலி மிகுந்து நின்றால் அளவைக் குறைக்க வேண்டுமேயன்றி, அடியோடு விடலாகாது. எனக்கு மூன்றாம் மாதத்திலேயே வேறுபாடு தெரிந்தது.

இரண்டாவது உடல்நிறை. நிறையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகின்றதென்பது 2005 இல் வெளிவந்த ஆய்வின் முடிபு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரத்து ஆய்வில், ஏறத்தாழ ஐந்து கிலோ நிறை குறைத்த பெண்களுக்கு, நோவுடன் கூடிய முழங்கால் தேய்வு வரும் வாய்ப்புப் பாதிக்குமேற் குறைந்ததென 1992 இற் கண்டனர். பருமனுக்கும் கைவிரல் தேய்வுக்கும் தொடர்புண்டு என்பதும் அறியப்பட்டுள்ளது. கைவிரலால் எவரும் நடப்பதில்லையாதலால், கொழுப்பு வெறும் பாரமாக மாத்திரமன்றி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதாலும் தீங்கு செய்கின்றதென அறிஞர் கருதுகின்றனர்.

ஊன்றுகோலை நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் பிடித்தல் வேண்டும்; நம்மவருட் பலர் அதே பக்கத்திற் பிடித்து வருந்துகின்றனர். பெருவிரலின் அடிக்குச் சிறு பட்டையொன்று அணியலாம். தடித்த பிடியுள்ள கத்தியும் அகப்பையும் கைக்கு இதம் தரும். ஒற்றணமும் நல்லெண்ணெய்த் தேய்ப்பும் இதந்தருவன. அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. எனினும் அவை கசியிழையத்தைத் திருப்பித் தருமென நம்பலாகாது. மருந்துகளுள், கைக்கும் முழங்காலுக்கும் மேற்பூச்சாகப் பூசும் வலிநீக்கிகள் முதலில் முயலத்தக்கவை. பரசிற்றமோல் தரும் பயன் சிறிதே. அழற்சி நீக்கும் குளிசைகள் பயன் தருவன. ஆயின், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் குருதியமுக்கத்துக்கும் கேடு செய்யக்கூடியனவாதலால், வைத்தியர் சொல்லின்றித் தொடர்ந்து உண்ணலாகாது. மூட்டினுள் இடும் ஸ்டீரொயிட் ஊசி சில கிழமைகளுக்கு ஆறுதல் தரும்.

சத்திரசிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். முழங்காலினுட் குழாய் செலுத்திக் கழுவித் துப்புரவாக்கும் முறை ஒரு காலத்திற் பெரிதும் கையாளப்பட்டது. அமெரிக்காவில் 180 நோயாளரிடம் நடத்திய சோதனையில், உண்மையாகக் கழுவப்பட்டோரும், தோலிற் கீறல் மாத்திரம் இடப்பட்டோரும் ஒரே அளவிற் சுகம் கண்டனர் என்பது 2002 இல் வெளியாயிற்று. மாறாக, முற்றும் கெட்ட இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்துதல் மெய்யாகவே பயன்தருவது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் சாண்லி 1960 களின் தொடக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்றத்தை நிலைநிறுத்தியதிலிருந்து, முடங்கியிருந்த எண்ணற்றோர் நடந்துள்ளனர். பல மூட்டுகள் நொந்தவருக்கு எல்லாவற்றையும் மாற்றுதல் இயலாதாகையால், எந்த மூட்டு வாழ்வை மிகவும் தடுக்கின்றதோ அதனையே முதலில் நோக்குதல் வேண்டும். இன்னொன்று: கதிர்ப்படத்திற் காணும் கேடும் உணரும் நோவும் எப்பொழுதும் ஒத்திரா. படம் பார்த்து மனமுடைந்தவர் பலர். அதே படத்தை உடையவர்களுட் சிலர் வயலில் வேலை செய்கின்றனர்.

மருத்துவ அறிவு தமிழில் வாராதென்பாரும் உளர். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடலமைப்பு நூலையும் சத்திரவைத்திய நூலையும் தமிழாக்கினார். அம்மண்ணிலே வாழ்ந்தும், எம் வீட்டு முதியோரின் முழங்காலைப் பற்றி நாம் அறியாதிருந்தோமெனின், அது மொழியின் குறையன்று.

இப்பொழுது என் பத்து விரல்களுள் ஏழில் கணுக்கள் உள. சில ஆண்டுகளாக அவை நோவதில்லை. அழகைக் கெடுத்தனவேயன்றி வேலையைக் கெடுத்தில. காலையில் அரைமணி நேரம் நடக்கின்றேன். விழுந்து கும்பிடுதல் இயலவில்லை, நின்றபடியே கும்பிடுகின்றேன். சென்ற ஆண்டு என் மூத்த மகள் தன் சுட்டுவிரலை நீட்டி, "அப்பா, இது என்ன?" என்று கேட்டாள். அவளுடைய பேர்த்தியாரின் கை என்று சொன்னேன், அஞ்சாதே என்றேன், தொடைப் பயிற்சியையும் கற்பித்தேன். எனக்குக் கிடையாத முற்கூட்டிய அறிவு அவளுக்காவது கிடைத்தது.

பழைய மாணவராகிய நண்பர்களே, கதிரை தேடுவதில் வெட்கமில்லை; கதிரையிலேயே இருந்துவிடுவதே கேடு. கல்லூரி முகாமையினருக்கு ஒரு விண்ணப்பம்: பிரார்த்தனை மண்டபத்துப் படிகளுக்குக் கைபிடியும், பின்வரிசையிற் கைதாங்கியுள்ள உயர்ந்த கதிரைகள் இருபதும் அமையின், வயது முதிர்ந்தோர் பலர் மீண்டும் அங்கே வருவர். இன்று கற்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் எழுந்தவுடன் நடக்க இயலாது நின்றால், அவரை விரைவிக்காதீர்கள். நாலு அடி எடுத்துவைக்கும்வரை உடன் நில்லுங்கள். அதற்குச் செல்லும் நேரம் அரை நிமிடந்தான். அந்த அரை நிமிடத்தை என் தாயாருக்குக் கொடாதவன் எழுதியது இக்கட்டுரை.

வாழ்க எம் கல்லூரி அன்னை.